ரஷ்யாவில் இறங்கிய அந்நியப் படைகள், 1918–1922: மனசை விட்டுப் போகாத ஒரு மோதலைச் சொல்லுங்கள்

ஆற்றுமுனை

துல்காஸ், 1918 நவம்பர் 11. ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளின் செம்படைக்கு எதிராக நேச நாடுகள் வட ரஷ்யாவில் படை இறக்கின. யார் எப்போது இறங்கினார்கள் என்பது இங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். த்வினா ஆற்றின் இடக்கரையில் அடுத்தடுத்துச் சில குக்கிராமங்கள். அமெரிக்க 339ஆம் காலாட்படையின் பி கம்பெனி, பிரிட்டனின் ராயல் ஸ்காட்ஸ் படையினர் கொஞ்சம், கனடாவின் 67ஆம் பேட்டரியைச் சேர்ந்த இரண்டு 18 பவுண்டர் பீரங்கிகள். பீரங்கிகள் ஆற்றின் மேல்பக்கம் பார்த்துக் குழிக்குள் நிற்கின்றன. காலையில் செம்படை முன்னாலிருந்து தாக்குகிறது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காட்டைச் சுற்றி வந்த இன்னொரு படை பின்னாலிருந்த கிராமத்தையும் மருத்துவமனையையும் பிடித்துவிட்டுப் பீரங்கிகளை நோக்கி வருகிறது.

எனக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் விடை தெரியாமல் நிற்கின்றன. 18 பவுண்டர் ஒற்றைப் பின்கால் பீரங்கி, அதாவது பின்னால் மண்ணில் ஊன்றும் நீண்ட கால் ஒன்றே ஒன்று. அதன் குழலைப் பக்கவாட்டில் மொத்தமாக 8 பாகை மட்டுமே திருப்ப முடியும். பின்கால் தகடு மண்ணில் புதைந்திருக்கும். ஏறக்குறைய 1.3 டன் எடை. முழுவதும் எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டுமென்றால் பின்காலைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் உருட்டி, குழியைவிட்டு வெளியே இழுத்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுத்தவர்கள் குதிரை ஓட்டிகள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைகளிலிருந்து ஓடிவந்து நின்று சுட்டார்கள். பீரங்கி திரும்பியதும் ஷ்ராப்னெல் எறிகணையில், எப்போது வெடிக்க வேண்டும் என்று வைக்கும் பியூஸைப் பூஜ்யத்தில் வைத்தார்கள். வாயைவிட்டு வெளியேறியவுடன் வெடிக்கும். ஒரு எறிகணைக்குள் சுமார் 375 ஈயக் குண்டுகள். அந்த நெருக்கத்தில் அதற்கு எதிரே காலாட்படை நிற்க முடியாது.

பின்பக்கக் காவலுக்கு ஏன் போதிய ஆட்கள் ஒதுக்கப்படவில்லை? காட்டுச் சதுப்பில் படை வராது என்று நம்பியிருந்தார்கள். நவம்பரில் சதுப்பு இறுகத் தொடங்கிவிடும் என்று உள்ளூர் ஆட்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஐரோப்பாவில் போர் நின்ற அதே நாள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். பீரங்கியின் பின்கால் பற்றி யாரும் எழுதுவதில்லை.

மைனஸ்நாற்பது

துல்காஸில் ஆற்றை விட்டுவிட்டீர்களே ஐயா. பிரிட்டிஷ் படகுகள் உறைபனியில் சிக்கிவிடக் கூடாதென்று முன்கூட்டியே ஆற்றின் முகத்தில் இருக்கும் ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டன. செம்படையின் தளம் மேல் ஆற்றில், கோத்லாஸ் பக்கம். அங்கே பனி பிந்தி உறைந்து முந்தி உருகும். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, இலையுதிர் காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும், ஆறு அவர்களுக்கு மட்டும் திறந்திருக்கும். அவர்களுடைய படகுப் பீரங்கிகள் 18 பவுண்டர் எட்டும் தூரத்துக்கு வெளியே நின்று சுட்டன. குழியைப் பின்பக்கம் பார்த்து வெட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

என்னுடையது அமெரிக்கர்கள் பிடித்து வைத்திருந்த ஷென்குர்ஸ்க் ஊர். 1919 ஜனவரி 19 தொடங்கி 25 வரை. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உஸ்த் பதெங்கா, அதன் முன்னால் நீஷ்னி கோரா என்ற சிறு ஊர். அங்கே ஒரே ஒரு அமெரிக்க பிளாட்டூன். வெள்ளை அங்கி போட்ட செம்படையினர் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள். பின்வாங்க வேண்டிய வழி திறந்த சரிவு, பனி இடுப்புவரை. ஓட முடியாது, குனிந்தாலும் மறைய முடியாது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் காயமில்லாமல் மறுகரை சேர்ந்தவர்கள் மிகச் சிலர். பனி ஆழமாகும் முன்பே அந்தச் சரிவில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்க வேண்டும். ஜனவரியில் மண் கல்லாகிவிடும், கோடரியால்தான் கொத்த முடியும்.

என்னை விடாதது அதற்குப் பிறகு, ஷென்குர்ஸ்கிலிருந்து இரவில் வெளியேறியது. முக்கியப் பாதைகளையெல்லாம் செம்படை அடைத்துவிட்டது. மரம் வெட்டுகிறவர்கள் பயன்படுத்தும் குளிர்காலத் தடம் ஒன்று மட்டும் காவலில்லாமல் கிடந்தது. மைனஸ் 40ஐ ஒட்டிய குளிரில் காயம்பட்டவர்களைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றி, பீரங்கிகளின் பின்பூட்டைக் கழற்றிவிட்டு அவற்றை ஊரிலேயே போட்டுவிட்டு, படையும் பின்னால் ஊர்மக்களும் அந்தத் தடத்தில் நடந்தார்கள். காலில் ஷாக்கிள்டன் பூட்ஸ். மேலே கான்வாஸ், அடியில் வழுவழுப்பான தோல், குதிகால் கிடையாது. காய்ந்த பனியில் சறுக்குக்கட்டை மாட்டி நிற்பதற்கு நல்ல பூட்ஸ். வண்டி போய்ப் போய் அழுத்திய தடத்தில் ஓர் அடி வைத்தால் அரை அடி வழுக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு உல்லன் காலுறையோடு நடந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதி விவசாயிகள் காலில் மாட்டியிருந்த வாலென்கி என்ற கம்பளிப் பூட்ஸ் அந்த ஊரிலேயே கிடைத்தது. ஒரு கம்பெனிக்கு இருநூறு ஜோடி சொல்லிச் செய்ய வைத்திருந்தால் போதும்.

துப்பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். 339ஆம் காலாட்படையின் மிச்சிகன் பையன்கள் என்பீல்டு துப்பாக்கியில் பயிற்சி பெற்றவர்கள். இங்கிலாந்தில் அதை வாங்கிக்கொண்டு, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஜார் ஆட்சிக்காகச் செய்த மொசின் நாகாந்தைக் கையில் கொடுத்தார்கள். அதன் பின்குறியில், தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் அந்த அளவில், இருப்பது கஜம் இல்லை, அர்ஷின் என்ற ரஷ்ய அளவு. ஓர் அர்ஷின் 71 சென்டிமீட்டர். 600 கஜத்தில் நிற்கும் எதிரிக்கு 600 என்று வைத்தால் துப்பாக்கி 427 மீட்டருக்குத்தான் குறி வைத்திருக்கிறது, ஆளோ 549 மீட்டரில் நிற்கிறான். தோட்டா அவனுக்கு வெகு முன்னாலேயே பனியில் விழும். பயனெட் மாட்டிய நிலையில் குறி சரிசெய்த துப்பாக்கி அது. பயனெட்டைக் கழற்றினால் தோட்டா போய் விழும் இடமும் மாறும்.

சாக்சால்

எல்லோரும் பனியிலேயே நிற்கிறீர்கள். காஸ்பியனுக்குக் கிழக்கே, மணலில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே போனவர்கள் நம்மவர்கள்: 19ஆம் பஞ்சாபியர் காலாட்படை, 28ஆம் இலகு குதிரைப்படை. இந்த 28 பழைய மதராஸ் குதிரைப்படையின் 3ஆம் ரெஜிமெண்ட். 1903இல் எண் மாறியது. 1918க்குள் அதில் வடக்கத்தி ஆட்கள்தான், பெயரில் மட்டும் சென்னையின் வேர். இன்று இந்திய ராணுவத்தின் 7ஆம் இலகு குதிரைப்படை.

பின்னணி சுருக்கமாக: 1918 ஜூலையில் அஷ்காபாத் ரயில்வே தொழிலாளர்கள் போல்ஷெவிக்குகளை விரட்டிவிட்டுத் தனி ஆட்சி வைத்தார்கள். ஈரானின் மஷாத்தில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ஜெனரல் மாலெசன் படை அனுப்பினார். ஆகஸ்ட் 28 அன்று காஹ்காவில் பஞ்சாபிகளுக்கு வந்த சிக்கல்: இரண்டு பக்கமும் ரஷ்யர்கள், இரண்டு பக்கமும் அதே சட்டை, அதே துப்பாக்கி, கத்துவதும் அதே மொழியில். தோட்டத்துக்குள் ஓடிவருகிறவன் கூட்டாளியா எதிரியா என்று பத்தடியில்தான் தெரியும். கையில் ஒரு பட்டைத் துணி கட்டச் சொல்லியிருந்தாலே பாதி தீர்ந்திருக்கும்.

அக்டோபர் 14, துஷாக் ஸ்டேஷன். இரவு நடந்து விடியலில் எதிர்பாராமல் தாக்குவதுதான் திட்டம். துருக்மேன் குதிரையாட்கள் ஒரு காவல்முனையில் மோதிவிட்டார்கள், சத்தம் கிளம்பிவிட்டது. பஞ்சாபிகள் மறைவே இல்லாத வெளியில் இயந்திரத் துப்பாக்கிக்கு நேராக ஓடி ஸ்டேஷனைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏறக்குறைய எல்லோரும் செத்தோ காயப்பட்டோ விழுந்துவிட்டார்கள். ஸ்டேஷனில் நின்ற வெடிமருந்துப் பெட்டிகள் எறிகணை பட்டு வெடித்தன, செம்படை சிதறியது. வென்றாகிவிட்டது. அப்போது துருக்மேன்களும் அஷ்காபாத் ஆட்களும் ரயில் பெட்டிகளுக்குள் ஏறிச் சாமான்களை அள்ள ஆரம்பித்தார்கள். கிழக்கிலிருந்து செம்படைக்குத் துணை வந்தபோது வரிசையில் நின்றவர்கள் பஞ்சாபிகளும் குதிரைப்படையும் மட்டும்தான். பிடித்த ஸ்டேஷனை விட்டுவிட்டுக் காஹ்காவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. செம்படையும் பின்னர் மெர்வுக்குப் பின்வாங்கியது, அது வேறு.

அங்கே போர் முழுக்கத் தண்டவாளத்தின் மேல்தான். தண்ணீர் ரயிலில்தான் வரும், இன்ஜின் எண்ணெயில் ஓடும், ஸ்டேஷனைவிட்டு அகன்றால் குதிரைக்குக் குடிக்க இல்லை. கவச ரயில் என்று எழுதுகிறார்களே, பல பெட்டிகளில் கவசம் என்பது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி. துப்பாக்கித் தோட்டா உள்ளே போகாது. தீப்பொறி விழுந்தால் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது. பொதியையே இழுத்து வெளியே தள்ள வேண்டும்.

வெர்ஸ்ட்455

ஆர்க்காங்கெல்ஸ்குக்குத் தெற்கே ரயில் பாதையில் எம்த்சா, 1919 ஆகஸ்ட் 27. பிரிட்டிஷ் விமானங்கள் வாந்தி வாயுக் குண்டு போட்டன. அடிப்படையில் அது தரையில் வைத்துச் சூடாக்கிப் புகை கிளப்பும் ஆர்சனிக் கலவைக் கலம். வால் தகடு பொருத்தி விமானக் குண்டாக்கினார்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தம், இருமல், மயக்கம். ஈரக் காட்டில் புகை தாழ்வாகத் தங்கும், ஆனால் சீராகப் பரவாது. ஒரு மாதத்தில் படையே கிளம்பிவிட்டது. மிச்சக் குண்டுகளை வெண்கடலில் கொட்டினார்கள். கொட்டிய இடம் மீன்பிடிக் கடல் என்பதுதான் என்னை விடாதது.

இங்கே எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளையும் தூரத்தையும் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். சோவியத் ஆட்சி 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது. போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படை நிர்வாகங்கள் பல, தெற்கில் முக்கியமாக, பழைய நாட்காட்டியிலேயே இருந்தன. 13 நாள் வித்தியாசம். சாரித்சின் நகரம் 1919இல் வெண்படையிடம் விழுந்தது பழைய கணக்கில் ஜூன் 17, புதிய கணக்கில் ஜூன் 30. ஒரே சம்பவத்தை இரண்டு தாக்குதலாக எண்ணி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தேதி எடுத்தால் முதலில் அந்தக் காகிதம் எந்தப் பக்கத்து அலுவலகத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள். பிறகு கிழமை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கிழமையை வைத்து எந்த நாட்காட்டி என்று உடனே முடிவு செய்துவிடலாம்.

தூரம். ரஷ்ய அளவான வெர்ஸ்ட் ஒன்று 1.0668 கிலோமீட்டர். பத்துக்குப் பத்து என்று வைத்தால் பாதகமில்லை, நூறைத் தாண்டினால் ஏழு கிலோமீட்டர் பிசகும். வோலக்தா–ஆர்க்காங்கெல்ஸ்க் பாதையில் முனைகளுக்குப் பெயரே வெர்ஸ்ட் கல்தான்: 464, 458, 455, 445. எண் வடக்கே போகப் போகக் கூடும். ஆகவே 455இலிருந்து 445க்குப் போனார்கள் என்றால் தெற்கே, வோலக்தாவை நோக்கி முன்னேறியிருக்கிறார்கள். பின்வாங்கினார்கள் என்று தலைகீழாக எழுதாதீர்கள். எடை பூட் என்ற ரஷ்ய அளவில் இருந்தால் 16.38 கிலோவால் பெருக்குங்கள். ரயில் வண்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் படை பலம் சொல்லாதீர்கள். தெப்லுஷ்கா என்ற, ஆள் ஏற்ற மாற்றிய சரக்குப் பெட்டியின் பக்கத்தில் 40 ஆள் அல்லது 8 குதிரை என்று எழுதியிருக்கும். அடுப்பு, விறகு, தட்டுப்படுக்கை போட்ட பிறகு நீண்ட பயணத்தில் அவ்வளவு பேரை ஏற்ற மாட்டார்கள். தண்டவாள அகலம் 1524 மில்லிமீட்டர். வெளியிலிருந்து கொண்டுவந்த வண்டி எதுவும் அப்படியே ஓடாது, அங்கிருக்கும் வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் எல்லாப் படையும் முதலில் இன்ஜின் கொட்டகைக்குப் போனது.

மைனஸ்நாற்பது சொன்ன அர்ஷின் கணக்கில் ஒரு திருத்தம். அந்தப் பின்குறியில் மிகக் குறைந்த படியே 400 அர்ஷின், அதாவது 284 மீட்டர். காட்டில் சண்டை நூறு மீட்டருக்குள் நடக்கும். அங்கே தோட்டா தரையில் விழாது, தலைக்கு மேலேதான் போகும். பெல்ட்டுக்குக் கீழே குறி வைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குறியைக் கஜமாக நினைத்ததால் வந்த பிசகு நெடுந்தூரத்தில். இது கிட்டத்தில். இரண்டும் வேறு.

ஆற்றுமுனை

வெர்ஸ்ட் அண்ணா, நாட்காட்டி விவரத்துக்கு நன்றி. ஆனால் இந்த இழையில் கேட்டது மோதலைப் பற்றி. எம்த்சாவை இன்னும் விரிவாகவே எழுதியிருக்கலாம்.

தெப்லுஷ்கா

எல்லோரும் அந்நியப் படை இறங்கியதிலிருந்து தொடங்குகிறீர்கள். முதல் உலகப் போரில் ரஷ்யாவின் பக்கம் நின்று போரிட்ட செக் படை எங்கேயும் இறங்கவில்லை, ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தது. சோவியத் ஆட்சியோடு அது செய்துகொண்ட 1918 மார்ச் 26 பென்சா உடன்பாட்டைப் படித்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து எப்படி வந்தது என்று புரியும். ஒவ்வொரு ரயிலுக்கும் ஆயுதத்தோடு 168 பேர், துப்பாக்கிக்கு 300 தோட்டா, ஓர் இயந்திரத் துப்பாக்கி, அதற்கு 1,200 தோட்டா. மற்றதை ஒப்படைத்துவிட்டு விளாதிவஸ்தோக் போய்க் கப்பலேற வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ரயில்கள் பென்சாவிலிருந்து பசிபிக் கரைவரை நீண்டு, ஒன்றையொன்று பார்க்க முடியாமல் கிடந்தன. அதுதான் ஆபத்து என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு ரயிலும் ஒரு ஸ்டேஷனில் நின்றது. உள்ளூர் சோவியத் நிர்வாகத்திடம் அந்த ஸ்டேஷனில் இருந்த ஆயுதக் காவல் பெரும்பாலும் 168ஐவிடக் குறைவு.

மே 14, செல்யாபின்ஸ்க். எதிரே வந்த ரயிலில் விடுதலையாகிப் போகும் ஹங்கேரியக் கைதிகள். ஒருவன் இரும்புத் துண்டை எறிய, ஒரு செக் வீரர் அடிபட்டு விழுகிறார். எறிந்தவனை இழுத்து அங்கேயே கொன்றுவிடுகிறார்கள். உள்ளூர் சோவியத் செக்குகள் சிலரைக் கைது செய்தது, செக்குகள் நகருக்குள் நுழைந்து அவர்களை மீட்டார்கள். ஆயுதத்தோடு இருக்கும் செக் எவரையும் அங்கேயே சுட வேண்டும் என்று மே 25 அன்று செம்படைத் தலைவர் த்ரோத்ஸ்கி உத்தரவிட்டார். உத்தரவு போனது ரயில்வே தந்தியில். தந்தி மேசையில் செக்குகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். யாரைச் சுட வேண்டுமோ அவர்கள் வழியாகவே அந்த உத்தரவு போயிற்று. விளாதிவஸ்தோக் ஜூன் 29 அன்று அவர்கள் கையில்.

சாக்சாலுக்கு ஒரு பதில். பஞ்சாபிகள் மட்டும்தான் வரிசையில் நின்றார்கள் என்று துருக்மேன்கள்மேல் பழியைப் போடுகிறீர்கள். அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தது யார்? ரேஷன் எங்கிருந்து வந்தது? ரேஷன் இல்லாத குதிரைப்படை எதிரியின் சரக்கு வண்டியைப் பார்த்தால் என்ன செய்யும் என்று போர் தொடங்கும் முன்பே தெரியும். சரக்குப் பெட்டிகளுக்குக் காவல்போட ஒரு பிளாட்டூனை முன்கூட்டிப் பிரித்து வைப்பது தளபதியின் வேலை.

கார்டைட்

சோவியத் போர்க்கப்பல் ஓலெக், 1919 ஜூன் 17 அதிகாலை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஆகரின் சிஎம்பி 4 என்ற மோட்டார் படகு, 40 அடி நீளம், மூன்று பேர், ஒரே ஒரு டார்பிடோ. பின்லாந்துக் கரையில் தெரியோகி என்ற ஊரிலிருந்து கிளம்பியது. அந்தப் படகில் டார்பிடோக் குழாய் கிடையாது. பின்பக்கம் ஒரு தொட்டி, அதில் டார்பிடோ முன்னோக்கிப் பார்த்தபடி கிடக்கும். கார்டைட் வெடிமருந்து வெடித்து ஒரு தண்டு அதைப் பின்னால் தள்ளிவிடும். தண்ணீரில் விழுந்தவுடன் அது படகு போகும் அதே திசையில் ஓடத் தொடங்கும். ஆகவே படகு முழு வேகத்தில் இருந்தாக வேண்டும், விட்ட நொடியில் சக்கரத்தை ஒடித்து விலக வேண்டும். வேகம் குறைந்தால் டார்பிடோ மூக்கு குத்தி அடியில் போகும் அல்லது படகையே முட்டும்.

ஆகருக்கு நேர்ந்தது வேறு. எதிரிக் காவல் கப்பல்களுக்கு நடுவில் கார்டைட் தானாக வெடித்துவிட்டது. தடுப்பு முளைகள் கழற்றப்படாமல் இருந்ததால் டார்பிடோ வெளியே போகவில்லை. அந்த இடத்திலேயே படகை நிறுத்தி, அலையில் ஆடிக்கொண்டே பழைய தோட்டாவை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். சுமார் 20 நிமிடம். வடக்கே ஜூன் இரவு இருட்டாகவே இருக்காது. முடித்துவிட்டு மறுபடி வேகமெடுத்து ஓலெக்கை அடித்து மூழ்கடித்தார்கள். அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஓலெக் எந்தக் கோட்டையைச் சுட்டுக்கொண்டிருந்ததோ, கிளர்ச்சி செய்த அந்தக் க்ராஸ்னயா கோர்க்கா, முந்தின நாளே செம்படை கையில் திரும்பிவிட்டது. உள்ளிருந்தவர்களுக்கு அந்த டார்பிடோவால் பயனில்லை.

சொர்மோவா

பெரெசோவ்கா, 1919 மார்ச் 18, ஒடெசாவுக்கு வடக்கே. ரெனோ எப்டி டாங்கிகளைப் பிரெஞ்சுப் படை ஓடும்போது முழுசாக விட்டுப்போனது. ஒவ்வொன்றும் ஆறரை டன், இரண்டு பேர், ஒரு மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர். விசிறிப் பட்டை அறுந்தால் இன்ஜின் கொதிக்கும், மாற்றுப் பட்டை கையில் இல்லாவிட்டால் வண்டி நிற்கும். நின்ற வண்டியை இழுக்க ரயில் மேடையும் சாய்தளமும் வேண்டும். பதற்றத்தில் யார் அதையெல்லாம் செய்வார்கள்? ஆனால் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவைக் கழற்றிக் கிணற்றில் போட ஒரு நிமிடம் போதும். பீரங்கிப் பூட்டைக் கழற்ற இன்னொரு நிமிடம். அதுவும் செய்யவில்லை. ஷென்குர்ஸ்கில் மைனஸ் 40இல் பின்பூட்டைக் கழற்றியவர்கள் செய்ததை இவர்கள் வசந்த காலத்தில் செய்யவில்லை.

பிடித்தவற்றில் ஒன்றைச் செம்படையினர் லெனினுக்கு அனுப்பினார்கள். மற்றொன்றைப் பிரித்து நீஷ்னி நோவ்கொரதில் சொர்மோவா தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். வந்து இறங்கியபோது கியர்பெட்டி இல்லை, இன்ஜின் பாகங்கள் பலவும் இல்லை. இருந்ததை அளந்து வரைபடம் போட்டு, இல்லாததைத் தாங்களே வடிவமைத்தார்கள். கவசத் தகடு இஷோரா ஆலை, இன்ஜின் மாஸ்கோவின் ஏஎம்ஓ ஆலை செய்த 34 குதிரைத்திறன் பியட் வகை. முதல் டாங்கி 1920 ஆகஸ்ட் 31 அன்று தயார், மொத்தம் 15 செய்தார்கள். சோவியத் டாங்கித் தொழிலின் தொடக்கம் இதுதான்.

சாக்சால்

தெப்லுஷ்கா தோழர் சொல்வது சரிதான், சரக்குக் காவலுக்கு ஆள் பிரிக்காதது தளபதியின் குறைதான். ஆனால் பிரிக்க ஆள் எங்கே? பஞ்சாபிகள் ஒரு பட்டாலியன்கூட முழுசாக இல்லை. அவர்களிலிருந்து ஒரு பிளாட்டூனைக் காவலுக்கு விட்டால் ஸ்டேஷனைப் பிடித்திருக்கவே முடியாது. அஷ்காபாத் ஆட்களைக் காவல் போட்டால் அவர்கள்தான் முதலில் ஏறுவார்கள். இறங்கிய படை சிறியது, சேர்ந்த கூட்டாளி பெரியவர். சண்டை யாருடையது என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து இல்லை. காஸ்பியனின் மேற்குக் கரையில் பாக்குவிலும் இதேதான். ஆயிரத்தை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்கள் துருக்கிப் படைக்கு எதிரே முனையில் நிற்க, உள்ளூர்ப் பட்டாலியன்கள் கூட்டம் போட்டு வாக்கெடுத்துவிட்டு வந்தன. செப்டம்பர் 14 இரவு கப்பலேறித் தப்பித்தார்கள்.

சூச்சான்

ரோமனோவ்கா, 1919 ஜூன் 25. விளாதிவஸ்தோக்குக்குக் கிழக்கே சூச்சான் நிலக்கரிப் பாதையைக் காவல் காத்த அமெரிக்க 31ஆம் காலாட்படையின் ஒரு பிளாட்டூன். கூடாரங்களைக் குன்றின் அடியில் போட்டிருந்தார்கள், குன்றின் மேல் நிரந்தரக் காவல் இல்லை. இரவுக் காவலரை விடிந்துவிட்டது என்று திரும்ப அழைத்துக்கொள்வது வழக்கம். அன்றும் அழைத்தார்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பார்ட்டிசன்கள், அதாவது போல்ஷெவிக் பக்கத்துக் கெரில்லாக்கள், அதற்குப் பிறகுதான் சுட்டார்கள், கூடாரத் துணி வழியாக, படுத்திருந்தவர்கள்மேல். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இடம் தேர்ந்தெடுத்தது தண்ணீருக்காக. ஆறு பக்கத்தில், ஊர் பக்கத்தில், ரயில் பக்கத்தில். கூடாரத்தைச் சுற்றி இடுப்பளவு மண்சுவர் எழுப்பியிருந்தால் படுத்திருப்பவர்மேல் நேர்த் தோட்டா படாது, அதற்கு ஒரு பிளாட்டூனுக்கு ஒரு நாள் வேலை. பகலிலும் இரண்டு பேரைக் குன்றின் உச்சியில் விட்டிருக்கலாம். இதற்குப் பிறகு அந்தப் பாதையில் இருந்த மற்ற முகாம்களில் மண்மூட்டை அடுக்கத் தொடங்கினார்களா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஸ்டேஷன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.